மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் எப்போது?

2022 ஏப்ரல் 11, 12ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனைப் புரட்டிப் போட்ட மழையில் எங்கள் டோங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாசமானது. 400 பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளம். அதே ஏப்ரலில்தான் உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்துக்கு நீப்பர் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்த பெருங்குழாய் போரில் உடைந்தது. அந்தச் செய்தியை நான் படித்ததே தண்ணீர் லாரி வரிசையில் நின்றபடிதான்.

அந்த ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சியதும் லாரித் தண்ணீரில்தான். பக்கத்து வீட்டு அக்கா வேட்டித் துணியில் வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் நின்ற மண்ணை முருங்கைக்கு ஊற்றினார்.

மிக்கோலாயிவில் குழாய்கள் சுமார் ஒரு மாதம் வறண்டு கிடந்தன. பிறகு கழிமுகத்து உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். குடிக்க ஆகாது, கழிப்பறைக்கு ஆகும். அதுவும் இல்லையென்றால் அடுக்குமாடிகள் நாறிப்போயிருக்கும், நோய் வந்திருக்கும். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உப்பு இரும்பை அரித்தது, ஊரெங்கும் குழாய் வெடித்தது. குண்டே விழாத தெருவிலும் இப்போது தோண்ட வேண்டும்.

தோண்டினால் என்ன வரும்? பல நாட்டு நகரங்களில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் வரும். மண்ணுக்குள் இருக்கும்வரை சும்மா கிடக்கும். உடைந்ததை மிஷின் வைத்து அறுத்தால் தூசு நேராக நுரையீரலுக்குத்தான். பிரீஸ்கா ஊர்ப் பக்கம் சுரங்கத்தில் நீல ஆஸ்பெஸ்டாஸ் வெட்டிய நம் தென்னாப்பிரிக்காவுக்கு அந்த இருமலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008ல்தான் தடையே வந்தது. போர் முடிந்த ஊரில் குழிக்குள் இறங்குகிறவர் யார்? வீடும் வேலையும் போய், அன்றாடக் கூலிக்கு வந்தவர். முகமூடி கொடுத்தார்களா என்று அவர் கேட்கப்போவதில்லை.

சுற்றுச்சூழல், சமூகத் தாக்க மதிப்பீடு இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்கத்தான். இப்படிப்பட்ட வேலைகளுக்குக் கடன் தரும் உலக வங்கியின் 2018 விதிகளில், அவசரம் என்றால் மதிப்பீட்டைக் கொஞ்சம் தள்ளிப்போட இடமுண்டு. அவசரம் எனக்கும் தெரியும், வாளி தூக்கிய தோள் இது. ஆனாலும் குழியை மூடிவிட்டு எதைப் பார்ப்பார்கள்? தூசுக்கும் வரிசைக்கும் மட்டுமாவது முதல் நாளே பதில் இருக்க வேண்டும் என்பேன்.

வரிசை என்றால் எந்தத் தெருவுக்கு முதலில் என்பது. அழுத்தம் குறைந்தால் பள்ளத்துக்குத்தான் முதலில் போகும். எங்கள் மேட்டுக்கு வந்தபோது குழாய் முதலில் சீறியது, பிறகு டீ நிறத்தில் கொட்டியது, பிறகு நின்றது. விசாரித்தால், “உங்க தெருவுக்குத்தான் குடுத்தாச்சே” என்றார்கள். அக்கா வாசலில் வைத்த நீல டிரம்மை இன்னும் உள்ளே எடுக்கவில்லை.