ஆவர்த்தனமோ இல்லையோ, ஒண்டைச் சொல்லட்டாம்!

ஆடி ஆடி ஒடுங்கிற 'தணித்த அலைவு' ஆவர்த்தனமோ, அதாவது திரும்பத் திரும்ப வாற இயக்கமோ? இந்த ரெண்டு மார்க்ஸ் கேள்விக்கு இந்தக் கத்துக் கத்துறியளோ எண்டு மனிசி கேக்கிறா. ஓம், கத்துறன்.

தங்கச்சியின்ரை மகள் இந்தமுறை ஏ.எல், கணிதப் பிரிவு. விடிய 5 மணிக்குச் சைக்கிளிலை வெளிக்கிட்டால் ரியூசன், பள்ளிக்கூடம், பேந்தும் ரியூசன். இரவு 8 மணிக்குத்தான் பிள்ளையின்ரை முகம் பாக்கலாம். பௌதிகவியலுக்கு மட்டும் ரெண்டு இடம்: தியறிக்கு ஒண்டு, பேப்பர் கிளாஸ் மற்றது. தணித்த அலைவு ஆவர்த்தன இயக்கம்தான், காலம் (ஒரு முழு ஆட்டத்துக்கு எடுக்கிற நேரம்) மாறாது எண்டு தியறி சேர் பாடமாக்க வைக்கிறார். இல்லவே இல்லை, வீச்சம் (நடுவிலையிருந்து ஆடிப்போற தூரம்) குறையுதெல்லோ எண்டு பேப்பர் கிளாஸ் சேர் நிக்கிறார். ரெண்டு பேருக்கும் மாதாமாதம் காசு கட்டுறது நாங்கள்.

பிள்ளை எழுதின விடை இது: "இயக்கம் அப்படியே மீண்டும் வராததால் கண்டிப்பான கருத்தில் ஆவர்த்தனம் இல்லை. ஆனால் சமநிலைத் தானத்தை ஒரே திசையில் கடக்கும் நேர இடைவெளி மாறாது." தங்கமான விடை. பேப்பர் கிளாஸிலை அதுக்குக் குறுக்காலை ஒரு சிவப்புக் கோடு, பக்கத்திலை "ஒன்றைச் சொல்".

என்னத்தை ஒண்டைச் சொல்லுறது? ஆவர்த்தனம் எண்டால் என்னெண்டு முதல் நீங்கள் சொல்லுங்கோவன்! குறிச்ச நேரம் கழிய இடமும் வேகமும் அச்சொட்டாப் பழையபடி வரவேணும் எண்டால், தணியிற அலைவு பெயில். ஒருக்கா 20 சென்ரிமீற்றர் போனது அடுத்தமுறை 19 தான் போகும், பழைய எல்லைக்கு அது இனி வராது. அதேநேரம், தடை வேகத்துக்கு விகிதசமனா இருந்தால், நடுவைக் கடக்கிற கணக்கு பிசகாது. கோயில்லை தவில் கேட்டு வளந்த சனத்துக்கு இதை விளங்கப்படுத்த வேணுமோ? ஆதி தாளத்திலை 8 அட்சரத்துக்கு ஒரு ஆவர்த்தனம். அடி மெல்லமெல்லச் சின்னனாப் போனாலும் சமம், அதுதான் ஆவர்த்தனம் தொடங்கிற அடி, தன்ரை நேரத்துக்குத்தான் விழும். பிரெஞ்சுக்காரர் இந்தக் கரைச்சலே வேண்டாமெண்டு இதுக்குப் 'போலி ஆவர்த்தனகாலம்' எண்டு தனிப்பேரே வச்சிருக்கிறாங்கள். (தணித்தல் அளவுக்கு மிஞ்சினால் ஆட்டமே இல்லை. கெட்டி எண்ணெய்க்குள்ளை விட்ட ஊசல் மாதிரி ஊர்ந்துபோய் நடுவிலை நிண்டிடும். அது வேறை கதை.)

இதோடை விட்டிருப்பன். மாமரத்து ஊஞ்சல்தான் விடேல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையும் நானும் அம்மம்மாவின்ரை அரிசிச் சாக்கை ஊஞ்சல் பலகையிலை இறுக்கிக் கட்டினம். கிளையிலையிருந்து சாக்கின்ரை நடு மட்டும் ரெண்டரை மீற்றர். 30 பாகை இழுத்து விட்டிட்டுப் போனிலை நேரம் எடுத்தம். முதல் 10 அலைவு 32.1 செக்கன். நிப்பாட்டாமல் அடுத்த 10 அலைவு 31.9. பிள்ளை துள்ளிக்கொண்டு பேப்பர் கிளாஸுக்குக் கொண்டுபோனாள். சேர் பாத்திட்டுச் சொன்னாராம், "பாத்தீரோ பிள்ளை, தணித்தலாலை காலம் குறையுது."

எனக்கு விசர் வந்தது இஞ்சைதான். தணித்தல் காலத்தைக் கூட்டும் ஐயா, குறைக்காது! அதுவும் எவ்வளவு? அலைவுக்கு 5 வீதம் வீச்சம் விழுந்தால், 10 அலைவுக்கும் சேத்து ஆயிரத்திலொரு செக்கன். அதைப் போனிலை விரலாலை பிடிக்கிறதோ? காலம் குறைஞ்சது கோணத்தாலை. 30 பாகையிலை ஆடேக்கை ஊசலின்ரை காலம் சின்ன ஆட்டத்தைவிட 1.7 வீதம் கூட. ஆட்டம் ஒடுங்க ஒடுங்க அந்தக் கூடுதல் கழண்டு போகும். ஊசலின்ரை காலச் சமன்பாடு சின்னக் கோணத்துக்குத்தான் சரி எண்டு கொப்பியிலை எழுதிப்போட்டதும் இதே சேர்தான். மிச்சம் என்ரை விரலின்ரை பிழை, அதை ஒத்துக்கொள்ளுறன்.

பிள்ளை திருப்பிக் கேட்டிருக்கிறாள். "சோதினைக்கு வராததைக் கேட்டு மற்றப் பிள்ளையளின்ரை நேரத்தை மினக்கெடுத்தாதையும்." அவ்வளவுதான் பதில். பெடியள் சிரிச்சிருக்கிறாங்கள்.

நேற்றுப் பின்னேரம் கேட்டன், இனி இந்தக் கேள்வி வந்தால் என்னெண்டு எழுதுவாய்? தலை நிமிராமல் சொல்லுறாள், "ஆர் திருத்துறாரெண்டு பாத்து எழுதுவன் மாமா."

சாக்கு இன்னும் மாமரத்திலைதான் தொங்குது. அம்மம்மா அரிசி கேட்டு ரெண்டு நாளாக் கத்துறா. அவிழ்க்க விடமாட்டன். இந்தமுறை 10 பாகையிலை விட்டு அளக்கவேணும்.