கேஷ் என்பது நம் காசுதானா?

"வங்கியில் நாம் சொல்லும் கேஷ், தமிழ்க் காசிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட சொல்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. ஆனால் தவறு எங்கே நுழைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கப்பணம் என்ற பொருளில் வருவதன் மூலம், பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்ஸா'. அது பிரெஞ்சு, இத்தாலிய வடிவங்கள் வழியே வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம். மிண்ட் தெருக் கடைக்காரர் "இன்னிக்கு கல்லா எவ்வளவு?" என்று கேட்கும்போது பெட்டியையா கேட்கிறார்? அதே பொருள் மாற்றம்தான். கேஷியரும் இந்தப் பெட்டியின் பிள்ளையே.

இரண்டாவது கேஷ் சிறு செப்புக்காசு. இது நம் காசேதான், போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. சென்னைக் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கணக்கில் 80 காசு ஒரு 'பணம்' (அப்போது அது ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. ஆக வராகனுக்கு 3,360 காசு. கம்பெனி 1808இல் வெளியிட்ட செப்புக்காசில் '20 கேஷ்' என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கும். அந்தப் படத்தைத்தான் செய்தியோடு ஆதாரமாக ஒட்டுகிறார்கள். நாணயம் உண்மையானது; அது காட்டுவது இரண்டாவது சொல்லை மட்டுமே.

ஐயம் வந்தால் நல்ல அகராதியில் இரண்டு பதிவுகளையும் தனித்தனியே படியுங்கள். தமிழிலிருந்து போன சொல் வேண்டுமென்றால், காசிமேட்டுக் கட்டுமரம் இருக்கிறது: ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' அதுதான்.