ஐஸ் தண்ணீரால் ரத்தக் குழாய் வெடிக்காது

வெயிலில் இருந்து வந்ததும் ஐஸ் தண்ணீர் குடித்தால் சிறு ரத்தக் குழாய்கள் வெடித்துவிடும் என்று மேலே ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அக்கறையில் சொன்னது புரிகிறது, ஆனால் தகவல் சரியில்லைங்க. குளிர்ச்சி பட்டால் குழாய்கள் சற்றே சுருங்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஆகஸ்ட் வெக்கையில் நடக்கும் ஃபால்மத் (Falmouth Road Race) ஓட்டப் பந்தயத்தையே பாருங்கள். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி, நினைவு தடுமாறி விழுபவர்களை மருத்துவக் கூடாரத்தில் ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில்தான் அமிழ்த்துகிறார்கள். குடிப்பதைவிட எவ்வளவோ கடுமையான குளிர்ச்சி அது! 18 ஆண்டுகளில் அப்படிச் சிகிச்சை பெற்ற 274 பேரும் பிழைத்தார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வு இது. பந்தயத்தின் பெயரோடு 'ஹீட் ஸ்ட்ரோக்' (இப்படி உடல் சூடு ஏறி விழுவதன் பெயர்) சேர்த்து ஆங்கிலத்தில் தேடினால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் பப்மெட் (PubMed) தளத்தில் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும், நீங்களே படித்துப் பாருங்கள்.