ஐபிசிசி அறிக்கை எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது

“ஐபிசிசி அறிக்கை எழுதப் போன நம்ம புதுச்சேரிப் பேராசிரியருக்கு ஐ.நா. லட்சக்கணக்கில் சம்பளம் கொடுத்தது” என்று மேலே போட்டிருக்கிறீர்கள். தவறு, அண்ணா. ஐபிசிசி என்பது பருவநிலை மாற்றம் பற்றிய ஆய்வுகளை மதிப்பிட்டு அறிக்கை தரும் ஐ.நா. குழு. அந்த அறிக்கையை எழுதுகிறவர்களுக்கு அது சம்பளமே தருவதில்லை. வளரும் நாடுகளிலிருந்து போகிறவர்களுக்குப் பயணச் செலவு கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், நினைத்ததை எழுதிவிடவும் முடியாது. 2021-இல் வந்த, பருவநிலை மாற்றத்தின் அறிவியலைப் பற்றிய முதல் பணிக்குழு அறிக்கையின் வரைவுகளுக்கு 78,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பேராசிரியரிடம் படித்தபோது பார்த்திருக்கிறேன்: வகுப்பு முடிந்தபிறகு, பக்க எண், வரி எண் போட்ட அந்தக் கருத்துப் பட்டியலோடு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் டீ ஆறிப்போயிருக்கும். 2011-இல் வந்த ‘தானே’ புயலில் கடலூர் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்ததை நேரில் பார்த்த மனிதர். அவர் உழைப்பைக் கூலிக்கு எழுதியதாகச் சொல்லாதீர்கள்.