மியூட் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும்

நேற்று நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். நாம் விளையாடும் துப்பாக்கி விளையாட்டைப் பற்றி இங்கே நான் கேட்டது நான்கே வரி. கடந்த வார அப்டேட்டுக்குப் பிறகு, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஐந்து ஸ்லைடர்கள் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. நாமே சத்தங்களை மாற்றி வைத்துக்கொள்ளும் கோப்புறையையும் விளையாட்டு கண்டுகொள்வதில்லை. யாருக்காவது மாற்று வழி தெரியுமா? இவ்வளவுதான். முதல் பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது: "மியூட் பட்டன் என்று ஒன்று இருக்கிறதே ஐயா, கேள்விப்பட்டதுண்டா?" அதன் கீழே விழுந்த சிரிப்பு முகங்களை உட்கார்ந்து எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது.

கேள்விப்பட்டிருக்கிறேன். விசைப்பலகையிலேயே இருக்கிறது, குறுக்குக் கோடு போட்ட ஒலிபெருக்கிப் படத்தோடு. கண்டுபிடிக்க எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ஆனால் குறைப்பது வேறு, அணைப்பது வேறு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்வதற்குப் பெயர் ஆலோசனையா?

நான் என்ன கேட்டேன் என்பதைப் பொறுமையாக ஒருமுறை சொல்கிறேன். துப்பாக்கிச் சத்தம் எனக்கு முப்பது போதும். காலடி ஓசை எழுபதாவது வேண்டும். பாத்திரங்கள் பேசுவது முழு அளவில் கேட்க வேண்டும். இசை வேண்டாம், அதை இயற்றியவர் மன்னிக்கட்டும். போன வாரம் வரை இது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இப்போது இருக்கும் ஒற்றை ஸ்லைடரில் துப்பாக்கியைக் குறைத்தால் காலடியும் சேர்ந்து காணாமல் போகிறது. பின்னால் வருபவன் சுட்ட பிறகுதான் அவன் வந்ததே எனக்குத் தெரிகிறது. இதற்குத் தீர்வு, எல்லாவற்றையும் மியூட் செய்துவிடுவதாம்.

அந்த ஒற்றை ஸ்லைடராவது ஒழுங்காக வேலை செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. நூறிலிருந்து ஐம்பதுக்கு இழுத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. இருபதுக்குக் கீழே போனதும் திடீரென்று எல்லாம் கிணற்றுக்குள் விழுந்துவிடும். ஸ்லைடரைக் காதின் கணக்குப்படி அமைக்காமல் நேர்க்கோட்டில் அமைத்தால் இப்படித்தான் ஆகும். அலையின் வீச்சைப் பாதியாக்கினால் குறைவது சுமார் 6 டெசிபல். நம் காதுக்குப் "பாதியாகிவிட்டது" என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். கணக்கு தெரிந்தவர்கள் ஸ்லைடரை அதற்கேற்ப வளைத்து எழுதுவார்கள். இதை நேற்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு சிரிப்பு முகம் கிடைத்திருக்கும்.

இது ஏதோ நான் புதிதாகக் கேட்கும் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு: 1993-இல் டூம் என்ற துப்பாக்கி விளையாட்டு வந்தபோதே அதன் மெனுவில் இரண்டு ஸ்லைடர்கள் இருந்தன. சத்தங்களுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. ஒரே நேரத்தில் எத்தனை சத்தங்கள் கலந்து ஒலிக்கலாம் என்பதைக்கூட அதன் செட்டப் நிரலில் 1 முதல் 8 வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். படங்களும் சத்தங்களும் அடங்கிய அதன் வாட் (WAD) கோப்புக்குள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர் உண்டு, கைத்துப்பாக்கிக்கு டிஎஸ்பிஸ்டல். அதே பெயரில் உங்கள் சத்தத்தை இன்னொரு வாட் கோப்பில் வைத்துக் கொடுத்தால், விளையாட்டு மறுபேச்சில்லாமல் அதைத்தான் ஒலிக்கும். முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே இரண்டு ஸ்லைடர். இன்று நமக்கு ஒன்று. இதற்கு வைத்த பெயர் "எளிமையாக்கப்பட்ட அமைப்புகள்."

"அந்தக் காலத்து மரியோவில் எந்த ஸ்லைடர் இருந்தது, நாங்கள் விளையாடவில்லையா" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, பதிலையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1985-இல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஓடிய இயந்திரத்தில் ஒலிக்கு ஐந்தே தடங்கள். மரியோ குதிக்கும்போது வரும் சத்தத்துக்கு இடம் கொடுக்க இசையின் ஒரு குரல் அந்தக் கணம் வாயை மூடிக்கொள்ளும். அவர்களிடம் இல்லாததால் கொடுக்கவில்லை. இங்கே போன வாரம் வரை இருந்ததைப் பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

மைன்கிராஃப்டைப் பாருங்கள். குழந்தைகள் விளையாட்டு என்று இளக்காரமாகப் பேசுவீர்களே, அதில் மழைக்குத் தனி ஸ்லைடர், கட்டைகளுக்குத் தனி, பகை உயிரினங்களுக்குத் தனி, நட்பு உயிரினங்களுக்குத் தனி. ஆடு கத்துவது பிடிக்காதவன் மற்ற சத்தங்களைத் தொடாமல் நட்பு உயிரினங்களை மட்டும் அடக்கிக்கொள்ளலாம். அது போதாது என்பவர்களுக்கு, படங்களையும் சத்தங்களையும் நாமே மாற்றிப் போடும் ரிசோர்ஸ் பேக் இருக்கிறது. சரியான பெயரில் ஓர் ஓக் (.ogg) ஒலிக் கோப்பை வைத்தால் எந்தச் சத்தத்தையும் மாற்றிவிடலாம். 2016-இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து சத்தங்களுக்குத் துணைவரிகளே உண்டு. எலும்புக்கூடு அசைந்தால் திரையின் ஓரத்தில் எழுத்தாக வரும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு அம்புக்குறியும் வரும்.

அந்த அம்புக்குறியை முதன்முதலில் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லைதான். ஆனால் நேற்று "காது சரியில்லாதவர்கள் சதுரங்கம் ஆடலாமே" என்று ஒரு பதில் வந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் இடது காதில் சில ஆண்டுகளாக ஒரு விசில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெல்லியது, உச்ச ஸ்தாயி, நிற்காது. மருத்துவர் காதிரைச்சல் என்றார், பழகிக்கொள்ளச் சொன்னார். பழகியும்விட்டேன். இந்த விளையாட்டில் உயிர் குறையும்போது ஓர் எச்சரிக்கைச் சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். அதன் சுருதியும் என் காதின் சுருதியும் அக்காள் தங்கை. அது தொடங்கினால் எது வெளியே ஒலிக்கிறது, எது உள்ளே ஒலிக்கிறது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மருந்துப் பெட்டியைத் தேடி எடுத்து, உயிர் முழுதாக நிரம்பிய பிறகும் ஒரு சுவருக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருப்பேன். திரையின் மூலையில் பச்சைக் கோட்டைப் பார்த்த பிறகுதான் ஆபத்து எப்போதோ முடிந்துவிட்டது என்று தெரியும். சிரிக்கலாம், நானே சிரித்திருக்கிறேன்.

அதனால்தான் அந்த எச்சரிக்கைச் சத்தத்தின் கோப்பை மாற்றினேன். அப்போது என் மகளுக்கு ஆறு வயது. மைக்கின் முன்னால் நிற்க வைத்து, "அப்பாவை யாரோ சுடுகிறார்கள், என்ன சொல்வாய்?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் "அப்பா, ஓடு! ஓடு!" என்று கத்தினாள். அதைத்தான் வைத்தேன். முதல் நாள் பெரிய கோமாளித்தனமாகப் போயிற்று. நான் பதிவு செய்தது 44,100 ஹெர்ட்ஸில். விளையாட்டு எதிர்பார்த்தது 22,050. பாதி வேகத்தில் ஓடி, என் மகள் பாதாளத்திலிருந்து ஓர் அரக்கன் இழுத்து இழுத்துப் பேசுவதுபோல் "அப்ப்ப்பா" என்றாள். அதைத் திருத்தினேன். அடுத்து, பதிவின் தொடக்கத்தில் அவள் மூச்சு இழுக்கும் கால் நொடி மௌனம் இருந்தது. அவள் ஓடச் சொல்வதற்குள் நான் செத்துக்கொண்டிருந்தேன். அதையும் வெட்டினேன். மூச்சை வெட்ட மனம் வரவில்லை, ஆனாலும் வெட்டினேன். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்தக் குரல்தான் என்னைக் காப்பாற்றியது. இப்போது அவள் பெரியவளாகிவிட்டாள். குரலும் மாறிவிட்டது.

கோப்பு தொலைந்துவிட்டது என்று அழப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். பத்திரமாக மூன்று இடங்களில் இருக்கிறது. வைப்பதற்குத்தான் இடம் இல்லை. எல்லாச் சத்தங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒரு பைட் மாறினாலும் விளையாட்டு திறக்காதபடி முத்திரை போட்டுவிட்டார்கள்.

"சத்தத்தை மாற்ற விட்டால் ஏமாற்றுவார்களே." இந்தக் கேள்வியை மதிக்கிறேன். காலடி ஓசையை மட்டும் இடிபோல் ஆக்கி வைத்துக்கொண்டு போட்டிக்கு வருபவன் அநியாயம்தான் செய்கிறான். கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி விளையாட்டின் சர்வர்கள் ஆடுபவர்களின் கோப்புகளைச் சரிபார்ப்பதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் நாம் விளையாடுவது நான்கு பேர் ஒரே அணியாக நின்று கணினியை எதிர்க்கும் விளையாட்டு. இங்கே நான் யாரை ஏமாற்றுகிறேன்? கணினியையா? பாவம், அதற்கு மனம் புண்பட்டிருக்கும். போட்டியே இருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் குண்டு எதிரியின் மேல் பட்டதும் வரும் சத்தத்தை நீங்கள் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். அடி பலமாக விழுந்தால் சுருதி எப்படி மாற வேண்டும் என்பதைக்கூட அமைக்கலாம். அந்த விளையாட்டு அதனால் அழிந்துவிடவில்லை. ஃபோர்ட்நைட்டில் காலடி, துப்பாக்கி, புதையல் பெட்டி எல்லாவற்றின் திசையையும் திரையில் வட்டமாகக் காட்டும் வசதி இருக்கிறது. எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள், வேண்டியவன் போட்டுக்கொள்கிறான். எல்லோர் கையிலும் இருப்பது எப்படி ஏமாற்று ஆகும்?

"மேம்பாட்டாளர்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா." தெரியும். இதற்கு வேலை இல்லை என்றும் தெரியும். விளையாட்டின் ஒலியை அமைப்பவர்கள் காலடிகளையெல்லாம் ஒரு தடத்திலும் துப்பாக்கிகளையெல்லாம் இன்னொரு தடத்திலும் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். அதற்கு அவர்கள் மொழியில் பெயரே பஸ். எல்லாப் பஸ்களும் கடைசியில் மாஸ்டர் பஸ்ஸில் வந்து சேரும். பஸ்கள் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நமக்கு ஏறும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

"ஒலி என்பது கலைஞனின் படைப்பு, அதில் கை வைக்கக் கூடாது." அடடா. இதை எழுதியவர் ரயிலில் ஒரு பக்க ஹெட்போனில் விளையாடுபவர் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கலைஞன் அதைத்தான் மனத்தில் வைத்துக் கலவை செய்திருப்பான் போலிருக்கிறது. நான் படைப்பை மாற்றச் சொல்லவில்லை. என் காதுக்கு வரும் வழியில் ஒரு குழாயைத் திருகிக்கொள்கிறேன் என்கிறேன். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இல் உடற்குறை உள்ளவர்களும் விளையாட உதவும் அணுகல் அமைப்புகள் மட்டும் அறுபதுக்கும் மேல். எந்தச் சத்தம் எதைக் குறிக்கிறது என்று கேட்டுப் பழகத் தனிப் பட்டியலே வைத்திருந்தார்கள். பார்வையே இல்லாதவர்கள் அந்த விளையாட்டை முழுதாக முடித்திருக்கிறார்கள். அதில் கலை செத்துவிட்டதா? கால் ஆஃப் டியூட்டியின் அண்மைய விளையாட்டுகளில் குண்டு வெடித்ததும் வரும் காது இரைச்சல் சத்தத்தைக் குறைப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை முதலில் பார்த்தபோது, முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ அலுவலகத்தில் உட்கார்ந்து என்னை நினைத்திருக்கிறார் என்று தோன்றியது. ஒரு சிறு கட்டத்தில் போடும் ஒரு டிக் அடையாளம்தான். இருந்தாலும் தோன்றியது.

விளையாட்டுகளுக்கான அணுகல் வழிகாட்டிகள் பேச்சுக்கும் இசைக்கும் சத்தங்களுக்கும் தனித்தனி அளவு வேண்டும் என்பதை "அடிப்படை" என்ற தலைப்பில்தான் வைத்திருக்கின்றன. அடிப்படை. உயர்நிலை அல்ல. நான் கேட்டது ஏணியின் முதல் படியை.

இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தை அனுப்பும் மோனோ அமைப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்ன இருவருக்கு மட்டும் நன்றி. சிரிக்காமல் பதில் சொன்னவர்கள் நீங்கள் இருவர்தான். விண்டோஸில் அது இருக்கிறது, முயன்றும் பார்த்தேன். இடது பக்கச் சத்தம் வலது காதுக்கும் வந்துவிடுகிறது, ஆனால் திசை தெரியாமல் போகிறது. காலடி கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. அந்த அம்புக்குறி இங்கேயும் இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கவே மாட்டேன்.

சரி, முதல் பதிலுக்குத் திரும்பி வருகிறேன். அங்கிருந்து நான் நகரவே இல்லை என்பது உங்களுக்கும் புரிந்திருக்கும். மியூட் பட்டனைப் பற்றிக் கேட்டவர் யாரோ ஒரு பொடியன் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவரோடு நான் நான்கு ஆண்டுகள் ஒரே அணியில் விளையாடியிருக்கிறேன். என் இடது காதைப் பற்றி அந்த அணியில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் கேட்காமலேயே எனக்கு இடப்பக்கம் வந்து நின்றுகொள்வார். "இடது பக்கம் இரண்டு பேர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். மற்றவர்களுக்கு அது ஏன் என்று தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த மனிதர்தான் நேற்று "ஐயா" போட்டு எழுதினார். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட என்னை ஐயா என்று அழைத்ததில்லை.

வேடிக்கைக்குச் சொன்னேன் என்று இரவு தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். வேடிக்கைதான். வேடிக்கை பொதுவில், வருத்தம் தனியில். அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. பதில் என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஸ்லைடர் பற்றியதா, இடப்பக்கம் பற்றியதா என்பதும் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் பின்னால் நின்று படித்திருக்கிறாள். தன் பழைய குரலைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன் என்று முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு, "வேண்டுமானால் புதிதாகப் பேசித் தருகிறேன் அப்பா, ஆனால் அதை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டாள்.