பழைய பைக்குகளுக்கு நீலகிரியில் தடையா?

“15 ஆண்டுகள் கடந்த பைக்குகளுக்கு நீலகிரியில் தடை, கல்லாறிலேயே பறிமுதல்” என்று, மலையடிவாரக் கல்லாறைக் குறிப்பிட்டு, வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு தகுதி ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வயது வரம்பு தில்லித் தலைநகரப் பகுதிக்கானது. அதைத்தான் யாரோ நம் மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

மைசூரில் பழைய எஸ்டி (Yezdi) பைக்கின் உற்பத்தி 1996-இலேயே நின்றுவிட்டது. அப்பா குன்னூர் ஏற்றத்தில் ஓட்டிய அந்த வண்டியை இந்த வதந்திக்குப் பயந்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், போனால் கிடைக்காது. பதிவுச் சான்றின் காலாவதித் தேதியை அரசின் பரிவாகன் இணையதளத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ சரிபாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.