அந்தப் பையன் மேல் பழி போடாதீர்கள்

சனிக்கிழமை இரவு மேடையில் பாடல் ஓடாமல் ஓர் இளம் டி.ஜே. தவித்த காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதைப் பகிரப் போவதில்லை. பென் டிரைவைச் செருகுகிறான், திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகுகிறான். கூட்டம் கூச்சலிடுகிறது. அதைப் பார்த்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. பல ஆண்டுகளாக டி.ஜே. தொழிலில் இருப்பவர்கள் அதன் கீழே எழுதியவற்றைப் படித்தபோதுதான் வந்தது. “சொந்த டிரைவைத் தயார் செய்யத் தெரியாதவனுக்கு மேடை எதற்கு?” என்று ஒருவர் கேட்கிறார். அதற்கு எத்தனை விருப்பக் குறிகள்!

நேற்று அவனிடம் பேசினேன். டிரைவில் எந்தப் பழுதும் இல்லை. வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் செருகியதும் எல்லாப் பாடல்களும் ஓடியிருக்கின்றன. டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கப் பல முறைகள் உண்டு. அது எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது, அந்த மேடையில் பாடல்களை ஓட்டும் கருவியான பிளேயருக்கு எக்ஸ்ஃபேட் படிக்க வராது. அவன் செய்த குற்றம் இவ்வளவுதான்.

இன்று வாங்கும் 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. பிளேயர்கள் படிக்கும் பழைய ஃபேட்32 முறைக்கு மாற்றலாம் என்று விண்டோஸின் ஃபார்மட் சாளரத்தைத் திறந்தால், 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வையே அது காட்டுவதில்லை. பெரும்பாலும் தனியாக வேறொரு மென்பொருள் தேட வேண்டும். எக்ஸ்ஃபேட் ஒன்றும் நேற்று வந்தது அல்ல. மைக்ரோசாஃப்ட் அதை 2006இல் கொண்டுவந்தது, 2019இல் அதன் விவரக்குறிப்பை எல்லோருக்கும் வெளியிட்டது. அப்படியிருந்தும் 2020இல் வந்த சிடிஜே-3000 என்ற டி.ஜே. பிளேயர் ஏற்கும் முறைகள் ஃபேட்16, ஃபேட்32, ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் ஆகியவைதான்.

“இதெல்லாம் கையேட்டில் இருக்கிறதே” என்பீர்கள். எந்தக் கையேட்டில்? பிளேயர் அவனுடையது அல்ல. மேடைக்காரர் எதை வைத்திருக்கிறாரோ அதில்தான் அவன் வாசிக்க வேண்டும். பல நேரம் மாலையில் போய்ப் பார்த்தால்தான் எந்த மாடல் என்றே தெரியும். 2016இல் வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ் 2 என்ற பிளேயர் ஃப்ளாக் கோப்புகளை (ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய பாடல்களை) ஓட்டும், 2012இல் வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ் ஓட்டாது. தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஒரே டிரைவ் ஒரு மேடையில் பாடும், அடுத்த மேடையில் ஊமையாகிவிடும்.

பிளேயர் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காவிட்டாலும் போகட்டும், வாயைத் திறந்து சொல்லலாம் அல்லவா? எக்ஸ்ஃபேட் டிரைவின் தொடக்கப் பகுதியான முதல் செக்டாரிலேயே அந்த முறையின் பெயர் எழுத்தெழுத்தாக இருக்கிறது. அதைப் பார்த்து “இந்த முறை எனக்குத் தெரியாது” என்று ஒரு வரி காட்டியிருந்தால், அவன் உடனே இன்னொருவரிடம் டிரைவ் கேட்டிருப்பான். அந்த ஒரு வரி இல்லாததால் தன் உழைப்பெல்லாம் அழிந்துவிட்டது என்று பயந்து அங்கேயே நின்றிருக்கிறான்.

“இரண்டு டிரைவ் வைத்திருக்க வேண்டாமா?” வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அவனிடமும் இரண்டு இருந்தன. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கணினியில், ஒரே மாதிரி தயார் செய்திருந்தான். லேப்டாப் கொண்டுவந்திருக்கலாமே என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் ஃபேட்32தான் வைத்திருந்தேன், கவனமாக. ஆனால் மேக் கணினியில் ஃபார்மட் செய்தபோது டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை ஜியுஐடி என்று அமைந்துவிட்டது. அந்தப் பிளேயருக்கு எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை வேண்டும். மேக்கில் ஃபார்மட் செய்யும் டிஸ்க் யுட்டிலிட்டி மென்பொருளில் ‘எல்லாச் சாதனங்களையும் காட்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, டிரைவின் மேல்வரியைத் தொட்டால்தான் அந்தத் தேர்வு கண்ணிலேயே படும். அது எனக்கு அப்போது எப்படித் தெரிந்திருக்கும்? அன்று எனக்கு முன்னால் வாசித்தவரின் டிரைவைக் கெஞ்சி வாங்கி, எனக்குப் பழக்கமில்லாத பாடல்களை ஒரு மணி நேரம் நடுங்கும் கையோடு வாசித்தேன். நான் மூன்று வாரம் தேர்ந்து, குறி வைத்து, வரிசைப்படுத்திய பாடல்கள் சட்டைப்பையிலேயே கிடந்தன.

அன்று பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்றார். என் டிரைவைப் பார்த்ததுமே அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. சிரித்தார், சொல்லவில்லை. எம்பிஆர் என்ற மூன்றெழுத்தை நானே கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. பிறகு வேறொரு மேடையில், காசு கொடுத்து வாங்கிய 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு இ-8305 என்ற பிழையோடு நின்றது. கோப்பின் தொடக்கத்தில் அதன் வகையைக் குறிக்கும் தலைப்பகுதியில் இரண்டு பைட் மாற்றினால் அதே பாடல் ஓடும் என்பதையும் நானேதான் தேடிக் கற்றேன். கேட்ட இடமெல்லாம் “அனுபவத்தில் வரும்” என்றார்கள். இதில் அனுபவம் எங்கே வந்தது? இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம். அதைத் தெரிந்தவர்கள் பூட்டி வைத்துக்கொண்டு, தெரியாதவன் மேடையில் அவமானப்படும்போது அதைத் தகுதித் தேர்வு என்கிறார்கள். காணொளியின் கீழே எழுதியவர்களில் நான்கு பேர் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். ஒருவரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவரும் மறுநாள் அவனைக் கூப்பிடவும் இல்லை.

இன்று மாலை அவன் இரண்டு டிரைவோடும் என் வீட்டுக்கு வருகிறான். நாங்கள் உட்கார்ந்து சரி செய்துவிடுவோம். அந்தக் காணொளியை இன்னும் உங்கள் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் எடுத்துவிடுங்கள். அதில் அவன் முகம் தெரிகிறது.